வான்கோழி, கின்னிக்கோழி, நாட்டுக்கோழி மூணையும் ஒரே வலைக்குள்ள விடலாமா? கூடவே மயில் முட்டை பத்தி ஒரு சந்தேகம்

பாகூர்தோட்டம்:

வணக்கம். பாகூர் பக்கம் ஏரியை ஒட்டின தோட்டத்துல 40 அடிக்கு 30 அடி இடத்தைச் சுத்தி அடைச்சு, மேலயும் வலை போடப் போறோம். உள்ள விட இருக்கிறது வான்கோழி 9 (சேவல் 2, பெட்டை 7), கின்னிக்கோழி 12, நாட்டுக்கோழி 17 (அதுல சேவல் 2). இப்போ எல்லாம் தனித்தனியா கிடக்குது. ராத்திரி கீரி, மரநாய் தொல்லை. பகல்ல தெருநாய். அதனாலதான் ஒரே அடைப்பா போட்டுடலாம்னு யோசனை.

கேள்வி மூணு. ஒண்ணு, மூணு ஜாதியும் சேர்ந்தா சண்டை வருமா, எப்படித் தடுக்கறது? ரெண்டு, கம்பு, வலை எல்லாம் எவ்வளவு வேணும், எந்த வலை நிக்கும்? மூணு, வரப்போரப் புதர்ல ஒரு பெண்மயில் முட்டை வெச்சிருக்கு, அஞ்சு முட்டை. உழவு ஓட்டணும். எடுத்து வான்கோழிக்கு அடைவெச்சு, பொரிச்சதும் இதே கூட்டத்தோட வளர்க்கலாமா?

நெல்லிக்குப்பத்தான்:

மூணாவது கேள்விக்கு மட்டும் முதல்ல சொல்லிடறேன், ஏன்னா அதுக்கு அவசரம் இருக்கு. முட்டையைத் தொடாதீங்க.

மயில் 1972-ஆம் வருஷ வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு. அந்தச் சட்டத்துல "வேட்டை"ன்னா சுடறது, பிடிக்கறது மட்டுமில்ல. காட்டுப்பறவையோட முட்டையைச் சேதப்படுத்தறது, எடுக்கறது, கூட்டைக் கலைக்கறது எல்லாமே அதுக்குள்ள வந்துடும். தண்டனை 3 வருஷத்துல இருந்து 7 வருஷம் வரை சிறை. அபராதம் குறைஞ்சது 25,000 ரூபாய். 2023 ஏப்ரல்ல அமலுக்கு வந்த திருத்தத்துக்கு முன்னாடி அது 10,000. நல்ல எண்ணத்துல பொரிக்க வெச்சேன்னு சொல்றது வழக்குல எடுபடாது. இணையத்துல மயில் கூண்டு அளவு, மயிலோட எதை வளர்க்கலாம்னு வர்ற வீடியோ பெரும்பாலும் வெளிநாட்டுக்காரங்களோடது. அங்க அது பண்ணைப் பறவை, இங்க இல்ல.

மயில் அடைகாக்கறது ஏறக்குறைய 28 நாள். பொரிச்ச குஞ்சு ஓரிரு நாள்லயே தாயோட கிளம்பிடும், கூட்டுல உக்காந்திருக்காது. அதனால உழவை முழுசா நிறுத்த வேண்டாம். புதரைச் சுத்தி பத்துப் பதினஞ்சடி விட்டுட்டு மத்த இடத்தை ஓட்டுங்க. நாயைக் கட்டிப் போடுங்க. அடிக்கடி போய் எட்டிப் பார்க்காதீங்க, ஆள் நடந்த தடத்தைப் பிடிச்சே கீரி வந்துடும். காலை உடைச்சுக்கிட்ட மயிலோ, தாயில்லாத குஞ்சோ கண்ணுல பட்டா வனத்துறைக்குச் சொல்லுங்க. ஒரு நாள் கூட வீட்டுல அடைச்சு வெக்காதீங்க.

சவுக்குத்தோப்பு:

மயில் விஷயம் முடிஞ்சுது. முதல் கேள்விக்கு வர்றேன். எல்லாரும் சண்டையைப் பத்தித்தான் பயப்படறாங்க. சண்டையை ஒரு தடுப்பு வெச்சு நிறுத்திடலாம். தடுப்பால நிறுத்த முடியாதது மண்ணுல இருக்கு.

நாட்டுக்கோழியோட குடல்ல ஹெட்டராகிஸ்னு சின்ன வெள்ளைப் புழு இருக்கும். பெருங்குடல் ஆரம்பிக்கிற இடத்துல ரெண்டு பை மாதிரி பிரியுதே, அங்கதான் குடியிருக்கும். அதோட முட்டைக்குள்ள ஹிஸ்டோமோனாஸ்னு ஒரு நுண்ணுயிர் ஒளிஞ்சு வரும். அந்த நுண்ணுயிர் தனியா வெளிய விழுந்தா சில மணி நேரத்துல செத்துடும். புழு முட்டைக்குள்ள இருந்தா மண்ணுல வருஷக்கணக்கா உயிரோட கிடக்கும். மண்புழு அந்த முட்டையை முழுங்கும், மண்புழுவை வான்கோழி கொத்தும். மழைக்காலத்துல நோய் கூடறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

நாட்டுக்கோழிக்கு இது பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது, திடமா திரியும். வான்கோழிக்கு ஈரல் அழுகிடும். அறிகுறி: இறக்கை தொங்கும், தலையைக் கவுத்து நிக்கும், எச்சம் கந்தக மஞ்சள் நிறத்துல போகும். செத்ததை அறுத்துப் பார்த்தா ஈரல்ல வட்ட வட்டமா குழிஞ்ச புள்ளி, அந்தக் குடற்பைக்குள்ள பாலாடைக்கட்டி மாதிரி கெட்டியா அடைச்சிருக்கும். குஞ்சா இருந்தா பெரும்பாலும் தப்பாது. மயிலுக்கும் இதே நோய் வரும்கிறதால, மிருகக்காட்சி சாலைகள்லயும் கோழி வளர்த்த தரையை மயிலுக்குக் கொடுக்கக் கூடாதும்பாங்க. கின்னிக்கோழி நடுவுல நிக்குது. நோய் வரலாம், ஆனா வான்கோழி அளவுக்கு மோசமாகாது. அதுவும் கடத்தும்.

அதனால என் கணக்கு இது: நாட்டுக்கோழி ஒரு பக்கம், வான்கோழியும் கின்னியும் இன்னொரு பக்கம். ஒரே அடைப்பு, ரெண்டு அறை. 40 அடி நீளத்துல 16 அடியை நாட்டுக்கோழிக்குக் கொடுங்க, 24 அடி மத்ததுக்கு. அதாவது 480 சதுர அடி, 720 சதுர அடி. நாட்டுக்கோழி பக்கம் கட்டாயம் பள்ளத்துல இருக்கணும். மழைத்தண்ணி வான்கோழி பக்கத்துல இருந்து கோழி பக்கம் ஓடலாம், திரும்ப ஓடக் கூடாது. நடுத்தடுப்புல அடியில 2 அடி உயரத்துக்கு வலை போடாதீங்க. ஹாலோ பிளாக்கோ தகரமோ வெச்சு அடைங்க. கோழி கிளறி வீசற மண்ணும் எச்சமும் அந்தப் பக்கம் போகாது, சேவலுங்க வலை வழியா முகத்தோட முகம் கொத்திக்காது. ஒரே செலவுல ரெண்டு வேலை.

வேலை செய்யற ஒழுங்கும் இருக்கு. காலையில முதல்ல வான்கோழி, அப்புறம்தான் நாட்டுக்கோழி. மண்வெட்டி, கூடை, செருப்பு எல்லாம் பக்கத்துக்கு ஒண்ணு. இதை விட்டுட்டு தடுப்பு மட்டும் கட்டினா பாதி வேலைதான்.

இதுவரைக்கும் நாட்டுக்கோழி மேஞ்ச இடத்துலயே வான்கோழி அறை வருதுன்னா இடத்தை மாத்துங்க. சுண்ணாம்பு தூவினா சரியாயிடும்னு சொல்வாங்க. ஈரத்தையும் நாத்தத்தையும் அடக்கும், அந்தப் புழு முட்டையை நம்பகமா கொல்லாது.

கோழிப்பிரியன்_வடலூர்:

சவுக்குத்தோப்பு அண்ணே சொல்றது புத்தகத்துக்குச் சரி. ஆனா எங்க பக்கம் பாதிப் பேர் மூணையும் ஒண்ணாத்தான் விட்டு மேய்க்கறாங்க, வருஷக்கணக்கா ஓடுது. மூணு மாசத்துக்கு ஒருதரம் குடல்புழு மருந்து கொடுத்தா போதாதா? இந்த அளவுக்குப் பிரிக்கணுமா?

சவுக்குத்தோப்பு:

தம்பி, ஓடுறது உண்மைதான். காரணம் ரெண்டு. பத்து ஏக்கர்ல மேயற பறவைக்கும் 1200 சதுர அடியில நிக்கற பறவைக்கும் எச்சத்தோட அடர்த்தி ஒண்ணில்ல. இன்னொண்ணு, வளர்ந்த வான்கோழி தாக்குப் பிடிக்கறதைப் பார்த்துட்டு நோய் இல்லன்னு முடிவு பண்றோம். அதே தரையில குஞ்சு விட்டுப் பார்த்தாத்தான் தெரியும். ஆறு ஏழு வாரத்துல "திடீர்னு" செத்துதுன்னு சொல்ற குஞ்சுல பாதி இதுதான். அறுத்துப் பார்க்காம வெள்ளைக்கழிச்சல்னு எழுதிடறோம்.

புழு மருந்து வேணும், கூடாதுன்னு சொல்லல. ஃபென்பெண்டசோல் இந்தப் புழுவைக் கொல்லும். ஆனா குடல்ல இருக்கிற புழுவைத்தான் கொல்லும், மண்ணுல இருக்கிற முட்டையை இல்ல. மறுநாளே திரும்பக் கொத்தும். மழைக்கு முன்னாடி ஒரு தரம், மழை விட்டதும் ஒரு தரம் கட்டாயம். அளவையும், எத்தனை நாள் முட்டை விக்கக் கூடாதுங்கறதையும் கால்நடை மருத்துவர்கிட்ட கேட்டுக்குங்க. மஞ்சள் எச்சம் பார்த்த அன்னைக்கே அந்தப் பறவையைத் தனியா எடுக்கணும். வான்கோழிக்குள்ள இது பரவ புழுவே வேண்டாம், எச்சம் பட்டாலே போதும். இந்த நுண்ணுயிருக்குன்னு மெட்ரோனிடசோல் மாத்திரையை நாமளே வாங்கிப் பொடி பண்ணித் தண்ணியில கலக்கற பழக்கம் வேண்டாம். பாகூர்க்காரருக்குக் குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான். செத்த பறவையை ஐஸ்ல வெச்சு அன்னைக்கே கொண்டு போனா என்னன்னு தெரிஞ்சுடும். ஃப்ரீசர்ல உறைய வெச்சுடாதீங்க, உறுப்பு கெட்டுடும்.

வலைக்காரன்_முதுநகர்:

கம்பு, வலைக் கணக்கு நான் தர்றேன். சுத்தளவு 140 அடி. நீளப்பக்கம் 8 அடிக்கு ஒரு கம்பு, அகலப்பக்கம் ஏழரை அடிக்கு ஒரு கம்புன்னா வெளிச்சுத்துக்கு 18. நடுத்தடுப்புக்கு 3. பெரிய அறைக்கு நடுவுல மேல்வலையைத் தாங்க இன்னும் 3. மொத்தம் 24. எல்லாம் 10 அடிக் கம்பு, 2 அடி மண்ணுக்குள்ள, 8 அடி வெளிய. நம்ம பக்கம் சவுக்கு மலிவு, ஆனா மண்மட்டத்துல ரெண்டு மூணு மழைக்காலத்துக்கே இத்துடும். அடி இரண்டரை அடியை லேசா தீயில வாட்டித் தார் பூசுங்க. தார், மண்மட்டத்துக்கு மேல அரை அடி வரணும், இத்துப்போற இடம் அதுதான். மூலை நாலுக்கும் கல்கால் போட்டா மத்தது சாஞ்சாலும் அடைப்பு நிக்கும். மணல் தரையா இருந்தா மூலைக்கு வெளியில இருந்து முட்டுக்கொடுங்க.

வலை ரெண்டு வகை வேணும். அடியில அரை இன்ச் வெல்ட்மெஷ், 4 அடி அகல ரோல். அதுல ஒண்ணரை அடியை வெளிப்பக்கமா மடிச்சு மண்ணுல படுக்க வையுங்க, நாலு இன்ச் ஆழம் போதும், மேல செங்கல்லோ மண்ணோ போடுங்க. மிச்சம் இரண்டரை அடி செங்குத்தா நிக்கும். கீரி, பெருச்சாளி எல்லாம் சுவரோரத்துலதான் தோண்டும். தோண்டினா கம்பி தடுக்கும், ரெண்டடி பின்னாடி போய்த் தோண்ட அதுக்குத் தெரியாது. நேரா கீழே புதைக்கிறதை விட இதுதான் தாங்கும், வேலையும் குறைவு. 50 அடி ரோல் மூணு போதும், சேர்ற இடத்துல நாலு இன்ச் ஒண்ணு மேல ஒண்ணு வரட்டும். அதுக்கு மேல 8 அடி வரைக்கும் செயின்லிங்க். அறுகோணக் கோழிவலையை மட்டும் நாய் வர்ற இடத்துல நம்பாதீங்க. அது கோழியை உள்ள வைக்கும், நாயை வெளிய வைக்காது.

மேல கம்பி வலை வேண்டவே வேண்டாம். கின்னிக்கோழி மிரண்டா நேரா மேல எகிறும். ராத்திரி ஒரு ஆந்தை வந்தாலே போதும், மண்டை உடையும், கழுத்து முறியும். மீன்பிடி நைலான் வலை வளைஞ்சு கொடுக்கும். வலைக்கண் ஒரு இன்ச்சுக்கு மேல போனா குஞ்சுத் தலை மாட்டும், காக்கா மூக்கை விடும். துறைமுகத்துல பழைய வலை கிடைக்கும், ஆனா உப்பு போக நல்லா அலசிட்டு, கையால இழுத்துப் பாருங்க. வெயில்ல கிடந்த நைலான் பார்க்க நல்லாருக்கும், இழுத்தா பொடியும். 35 அடிக்கு 45 அடி வாங்குங்க, இறுக்கமா கட்டாதீங்க. மரநாய் ஏறி வந்து நைலானைக் கடிச்சு அறுக்கும்கிறதை மறக்காதீங்க. அதனால ராத்திரிக்குக் கொட்டகைக்குள்ள அடைச்சே ஆகணும். வலை பகலுக்கு, கொட்டகை ராத்திரிக்கு.

வாசல் ரெட்டைக் கதவு. நடுவுல 4 அடிக்கு 4 அடி. ஒண்ணை மூடிட்டுத்தான் அடுத்தது. கின்னி ஒருதடவை வெளிய போனா புளியமரத்துலதான் பார்க்கணும்.

கொட்டகைக்கு வான்கோழி ஒண்ணுக்கு 5 சதுர அடி, கின்னிக்கும் கோழிக்கும் ரெண்டு ரெண்டு. அப்ப பெரிய அறைக்கு 8×10, சின்ன அறைக்கு 6×6. தரைமட்டத்துல இருந்து 2 அடி உசத்துங்க. ஏரியை ஒட்டின இடம்னு சொல்றீங்க, முடிஞ்சா இரண்டரை. நீளவாட்டம் கிழமேலா இருக்கட்டும். வாடைக்காத்து மழை வடகிழக்குல இருந்து அடிக்கும், அந்த ரெண்டு பக்கமும் தார்ப்பாய்த் திரை. திரையை மேல இருந்து கீழே தொங்க விடாம, கீழ இருந்து மேல இழுக்கற மாதிரி கட்டுங்க. மழையிலயும் மேல ஒரு அடி திறந்திருக்கணும், இல்லன்னா எச்ச ஆவி கண்ணைப் பிடிக்கும். தரைக்கு உமி 4 இன்ச், வாரம் ஒருதரம் கிளறி விடணும். கடலைத்தோல் இங்க சும்மாவே கிடைக்குதுன்னு போடுவாங்க, மழைக்காலத்துல பூசணம் பிடிச்சா அதுவே நஞ்சு.

உட்கார்ற கம்பு: வான்கோழிக்கு மூணு நாலு இன்ச் அகலம், தரையில இருந்து ரெண்டடிக்குள்ள. கனமான சேவல் உசரத்துல இருந்து குதிச்சா உள்ளங்கால் வீங்கிச் சீழ் வைக்கும். கின்னிக்கு 5 அடியில தனிக் கம்பு, தீனித்தொட்டி, தண்ணிக்கு மேல வராத மாதிரி.

பாகூர்தோட்டம்:

ரொம்ப நன்றி. தடுப்போட போடறதுன்னு முடிவு பண்ணியாச்சு, முட்டையையும் தொடல. வான்கோழி சேவல் ரெண்டும் ஒண்ணா வளர்ந்ததுங்க. அப்படியே விடலாமா? மூணுக்கும் ஒரே தீவனம் ஓடுமா? கடையில பிராய்லர் ஸ்டார்ட்டர்தான் சுலபமா கிடைக்குது.

நெல்லிக்குப்பத்தான்:

தீவனத்துக்கு முதல்ல வர்றேன், உயிர் போற இடம் அது. பிராய்லர் மூட்டையில ரத்தக்கழிச்சலுக்குன்னு மருந்து கலந்திருப்பாங்க. சீட்டுல சலினோமைசின்னு இருந்தா வான்கோழிக்கு ஆகாது. கால் விழும், மூச்சுத் திணறும், ஒரே நாள்ல கும்பலா சாகும். மோனென்சின் கின்னிக்கோழிக்கு ஆபத்து. மூட்டையில தைச்சிருக்கிற சீட்டைப் படிக்காம வாங்காதீங்க, சீட்டு இல்லாத மூட்டையை வாங்கவே வாங்காதீங்க. வான்கோழிக் குஞ்சுக்கு முதல் நாலு வாரம் 28 சதவீதம் புரதம் வேணும், கின்னிக்குஞ்சுக்கு 24. பிராய்லர் தீவனத்துல அது வராது. மருந்தில்லாத தீவனம் வாங்கிப் பத்துக் குஞ்சுக்கு ஒரு அவிச்ச முட்டை தினமும் உதிர்த்துக் கலக்குங்க. வான்கோழிக் குஞ்சு தீனியைக் கண்டுபிடிக்காமலே பட்டினியில சாகும். தீனித்தட்டுல கலர் கோலிக்குண்டு நாலு போட்டா மினுமினுப்புக்குக் கொத்த ஆரம்பிச்சுடும். வளர்ந்ததுங்க மூணும் மருந்தில்லாத ஒரே தீவனத்துல ஓடும், முட்டையிடற பெட்டைக்குக் கிளிஞ்சல் தூள் தனித்தட்டுல.

சேவல்: ஒண்ணா வளர்ந்த ரெண்டு சேவல் தங்களுக்குள்ள பெரியவன் சின்னவன் முடிவு பண்ணிட்டு இருந்துடும். ஏழு பெட்டைக்கு ரெண்டு சரியான கணக்கு, ஒண்ணுக்கு அஞ்சு வரைக்கும் போகலாம். ஒண்ணைப் பத்து நாள் வெளிய எடுத்து வைத்தியம் பார்த்துட்டுத் திரும்ப விடும்போதுதான் ரத்தம் வரும். அப்படி விடறதா இருந்தா வலைக்கு இந்தப் பக்கம் ஒரு வாரம் பார்க்க வெச்சு, சாயங்காலம் இருட்டறப்ப கம்புல ஏத்தி விடுங்க. சேவல் கால்நகத்தை நுனி மழுக்கி விடுங்க, இல்லன்னா பெட்டை முதுகு கிழியும். அறைக்குள்ள ரெண்டு தகரத்தை நிறுத்தி வெச்சா, துரத்தப்பட்டது ஒளிஞ்சுக்கும். தொட்டி மூணு, மூணும் தூரத் தூரமா.

கின்னியில ஆண் அதிகமா இருந்தா வான்கோழிப் பெட்டையை முட்டைப் பருவத்துல விரட்டி இறகைப் பிடுங்கும். 12-ல ஆண் ரெண்டு மூணு போதும். கத்தலை வெச்சுப் பிரிங்க. ரெண்டசையா விட்டு விட்டுக் கத்துறது பெட்டை மட்டும்தான், ஆண் ஒத்தைக் குரல்ல கத்தும். மிரண்டா பெட்டையும் ஒத்தைக் குரல்ல கத்தும்கிறதால, அமைதியா மேயும்போது கேளுங்க.

இன்னொண்ணு, ஏரித்தண்ணி குடிக்க வைக்காதீங்க, நீர்ப்பறவை எச்சம் கலந்தது. தீனித்தொட்டி கூரைக்குக் கீழ இருக்கட்டும். வெளிய சிந்தினா மயில் வந்து வலையோரம் மேயும், நோய் ரெண்டு பக்கமும் போகும். தடுப்பூசிக்கு வான்கோழிக்கு வழக்கமான அட்டவணை: பொரிச்ச அன்னைக்கு வெள்ளைக்கழிச்சல் பி1, நாலு அஞ்சாம் வாரம் அம்மை, ஆறாம் வாரம் ஆர்2பி (அதுவும் வெள்ளைக்கழிச்சலுக்குத்தான்). அம்மை ஊசியை விட்டுடாதீங்க, ஏரிக்கரைக் கொசு சும்மா விடாது.

கோழிப்பிரியன்_வடலூர்:

சலினோமைசின் விஷயம் எங்க பக்கம் யாருமே சொன்னதில்ல அண்ணே. வலைக்காரன் அண்ணே, புயல் வந்தா அந்த மேல்வலை கம்பையே பேத்துக்கிட்டுப் போயிடாதா?

வலைக்காரன்_முதுநகர்:

வலைக்கு மட்டும் காத்து பிடிக்காது. அதுல விழுந்து கிடக்கிற சவுக்கு இலை, தென்ன ஓலைக்குத்தான் பிடிக்கும். நனைஞ்சா கனம் வேற. தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையேறினது, பெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம். ரெண்டுமே வாடை மழைக் காலத்துலதான். அதனால ஐப்பசி பொறந்ததும் வலை மேல இருக்கிற இலையை வாரம் ஒருதரம் மூங்கிலால தட்டி விடுங்க. நீளப்பக்கம் ஒண்ணுல மட்டும் வலையை முடிச்சுப் போடாம உருவுசுருக்கா கட்டுங்க. எச்சரிக்கை வந்ததும் அந்த வரிசையை உருவி வலையை எதிர்ப்பக்கம் சுருட்டிக் கட்டிடலாம், ரெண்டு ஆள் இருந்தா அரை மணி வேலை. பறவையை முந்தின நாள் சாயங்காலமே கொட்டகைக்குள்ள விட்டு, மூணு நாளைக்குத் தண்ணியும் தீனியும் உள்ள வெச்சுடுங்க. கூரைத் தகரத்துக்கு ஆணி வேண்டாம், ஜே போல்ட் போடுங்க. பெஞ்சல்ல புதுச்சேரியில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல கொட்டினது. அதனாலதான் கொட்டகைத் தரையை இரண்டரை அடின்னு சொன்னது.